ட்ரிகரைத் தொடாமலே சுடும் ரைபிள்: பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்குமுன் அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

"ஒரே ஒரு தடவை அதுவாச் சுட்டுச்சு. அதுக்கப்புறம் அப்படி நடந்ததே இல்லை." அமெரிக்காவில் பழைய வேட்டை ரைபிளை விற்பவர் இப்படிச் சொன்னால் ஆறுதல் அடைய அதில் ஒன்றும் இல்லை. போல்ட் ரைபிளின், அதாவது கைப்பிடி வைத்த உலோகத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் திறந்து மூடும் ரைபிளின், ட்ரிகர் பழுதுகள் பலவும் அப்படித்தான் வரும். ஒருமுறை தலைகாட்டும். சுட்ட அதிர்ச்சியிலேயே உள்ளே சிக்கியிருந்த தூசி உதிர்ந்துவிடும். அடுத்த ஆயிரம் முறை ஒழுங்காக வேலை செய்யும். கீழே வரும் சோதனைகளையெல்லாம் இதை மனதில் வைத்தே படியுங்கள்: சோதனையில் தோற்ற ரைபிள் பழுதான ரைபிள்தான், சந்தேகமே வேண்டாம். தேறிய ரைபிளுக்கு அன்றைக்குத் தேறியது என்பதைத் தாண்டி எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தப் பொறுப்பு ஏன் வாங்குபவர் தலையில் விழுகிறது? டோஸ்டர், தொட்டில், பொம்மை எல்லாவற்றையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்ல அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அதை உருவாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டமே துப்பாக்கியை அதன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. துப்பாக்கியில் ரீகால் என்பது தயாரித்த நிறுவனம் தானே முன்வந்து அறிவிப்பது மட்டும்தான். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற அரசுப் படிவம் வாங்குபவரின் யோக்கியதையைத் துருவிக் கேட்கும், ரைபிளின் வகையையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளும். அதன் ட்ரிகர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கட்டமும் அதில் கிடையாது. அடகுக் கடை, கண்காட்சி, தெரிந்தவர் வீடு என எங்கே வாங்கினாலும் இதே கதைதான்.

உள்ளே நடப்பது என்ன

போல்ட்டுக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை (இனி சுருக்கமாகப் 'பின்'), முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து வைத்திருப்பது சியர் என்ற எஃகுக் கொக்கி. சியர் கீழே இறங்காதபடி ட்ரிகரின் ஒரு விளிம்பு முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த முட்டின் அகலம் பல ரைபிள்களில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ட்ரிகரை இழுத்தால் முட்டு விலகும், சியர் இறங்கும், பின் பாயும். விரல் படாமலே சுட்டது என்றால் இந்த அரை மில்லிமீட்டரில்தான் எதுவோ கோளாறு: முட்டு தன் இடத்துக்குத் திரும்பி வரவில்லை, அல்லது தேய்ந்துவிட்டது, அல்லது யாரோ ஸ்க்ரூவைத் திருகி அதைக் குறைத்துவிட்டார்கள்.

தவறிச் சுடாமல் தடுக்கும் நெம்பான சேஃப்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வின்செஸ்டர் மாடல் 70, மவுசர் 98 போன்றவற்றின் சேஃப்டி ஃபயரிங் பின்னையே பிடித்துப் பின்னுக்கு இழுத்து வைக்கும். மற்ற பல ரைபிள்களில் அது சியரையோ ட்ரிகரையோ மட்டும்தான் தடுக்கும், பின்னைத் தொடவே தொடாது. வாங்கப் போவது எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கை வைக்குமுன்

தோட்டா ஒன்றுகூட அந்த அறையில் இருக்கக் கூடாது. விற்பவரின் சட்டைப் பையில் இருப்பதும் இதில் சேர்த்தி. மேகசினைக் கழற்றுங்கள். அடியில் கதவு வைத்த ரைபிளானால் அதைத் திறந்து காலி செய்யுங்கள். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் பித்தளை விளிம்பு கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. பிறகு போல்ட்டையே உருவி எடுத்து, பின்பக்கமிருந்து குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இவ்வளவு பார்த்த பிறகும் குழல் முனை யாரையும் நோக்கித் திரும்பக் கூடாது.

கூட எடுத்துப் போக வேண்டியவை: அந்தக் காலிபருக்கான டம்மி (வெடிக்காத போலி) தோட்டா இரண்டு, சின்ன டார்ச், ட்ரிகரை இழுக்க எவ்வளவு எடை தேவை என்று பார்க்கும் கேஜ், ரப்பர் சுத்தி. ட்ரிகர் சோதனைக்கு விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். தோட்டா அடியின் நடுவில் குத்தும் சென்டர்ஃபயர் ரைபிளை வெற்றாகச் சுட்டுப் பார்ப்பதால் கெடுதல் இல்லை. விளிம்பில் குத்தும் ரிம்ஃபயர், அதாவது .22 வகையை, டம்மி இல்லாமல் சொடுக்காதீர்கள். ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும்.

பின் விழுந்ததா என்பதை எப்படி அறிவது? கிளிக் சத்தம் ஒன்று. அதைவிட நம்பகமானது கைப்பிடியின் கனம். மூடியிருக்கும் போல்ட் கைப்பிடியை மேலே தூக்குங்கள். ஒற்றை விரலுக்கு லேசாக எழுந்தால் பின் இன்னும் இழுபட்டுத்தான் நிற்கிறது. உள்ளங்கையைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தால் பின் ஏற்கெனவே விழுந்துவிட்டது, இப்போது நீங்கள் தூக்கும் கனம் அந்த ஸ்பிரிங்குடையது. ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70, மவுசர் 98 எல்லாவற்றிலும் இது செல்லும். லீ-என்ஃபீல்டு போல, போல்ட்டை மூடும்போது ஸ்பிரிங் இழுபடும் ரகங்களில் மட்டும் போல்ட்டின் பின்முனையில் தெரியும் காக்கிங் பீஸ் பின்தள்ளி நிற்கிறதா, முன்னே போய்விட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சேஃப்டியை விடுவித்ததும் சுடுகிறது

மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான். வேட்டை முடிந்து வண்டிக்குத் திரும்பி, தோட்டாவை எடுக்கலாம் என்று சேஃப்டியைத் தள்ளும் நேரத்தில் நடக்கும் பழுது இது. சுற்றிலும் ஆள் இருக்கும் நேரம் அது.

இதில் நன்கு தெரிந்த வழக்கு ரெமிங்டன் நிறுவனத்தின் வாக்கர் ட்ரிகர். 1948-இல் வந்த மாடல் 721, 722 ரைபிள்களிலிருந்து, 1962-இல் வந்த மாடல் 700 வழியாக, 2000-களின் நடுப்பகுதி வரைக்கும் பல மாடல்களில் அது இருந்தது. மற்ற ட்ரிகர்களில் சியருக்கு முட்டுக்கொடுப்பது ட்ரிகரின் உடம்பிலேயே உள்ள விளிம்பு. வாக்கரில் அந்த வேலையைச் செய்வது கனெக்டர் என்ற தனித் தகடு. ட்ரிகரோடு எதுவும் அதைப் பிணைத்திருக்காது, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் சியர் இறங்கும் வேகத்தில் கனெக்டர் முன்னே தள்ளப்பட்டு, அதற்கும் ட்ரிகருக்கும் இடையே ஒரு கணம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் எண்ணெய்ப் பிசின், உலோகத் துகள், மண், உறைந்த ஈரம் எதுவும் புகலாம். புகுந்துவிட்டால் கனெக்டர் சியருக்கடியில் முழுதாகத் திரும்பாது, நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது.

சேஃப்டி போட்டிருக்கும்வரை இது வெளியே தெரியாது. சேஃப்டியோடு திரும்பும் கேம் என்ற பாகம் சியரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் முட்டு இருக்கிறதா இல்லையா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. சேஃப்டியை விடுவித்ததும் சியரின் முழு பாரமும் கனெக்டர் மேல் இறங்கும். கனெக்டர் இடத்தில் இல்லை என்றால் துப்பாக்கி வெடித்துவிடும். ட்ரிகரை வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ட்ரிகர் தன் இடத்துக்கு அழகாகத் திரும்பியிருக்கும். திரும்பாதது உள்ளே மறைந்திருக்கும் தகடு.

சோதனை: காலி ரைபிளின் போல்ட்டை மூடுங்கள். சேஃப்டி போடுங்கள். ட்ரிகரை அழுத்தமாக இழுத்து விடுங்கள். விரலை ட்ரிகர் கார்டுக்கு (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) வெளியே எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். பின் விழுந்தால் பேரம் முடிந்தது. விழாவிட்டால் கைப்பிடி கனத்தையும் பார்த்துவிட்டு, இருபது முறையாவது திரும்பச் செய்யுங்கள். சில முறை சேஃப்டியை மெதுவாக, சில முறை வெடுக்கென்று தள்ளுங்கள். அடுத்து, சேஃப்டி நெம்பை இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிறுத்தி, ட்ரிகரை இழுத்து விட்டு, பிறகு முழுதாக விடுவியுங்கள். ரெமிங்டன் 600 வரிசையில் இந்த நடுநிலைத் தந்திரத்துக்குச் சுட்டுவிடும் ரைபிள்கள் இருந்ததால்தான் 1978-இல் அந்த வரிசைக்கு ரீகால் வந்தது. அதே காலத்து 600, 660, மோஹாக் 600 இன்றும் அடகுக் கடைகளில் தொங்குகின்றன. குட்டையான, கைக்கு அடக்கமான ரைபிள் என்பதால் கிராக்கி அதிகம், யாரும் பழைய ரீகாலைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

அடுத்தது போல்ட் பூட்டு. 1982-க்கு முந்திய மாடல் 700-இல் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். அதாவது தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். மேலே சொன்ன பழுது காத்திருப்பதும் அதே கணத்துக்காகத்தான். 2000-ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தது இப்படி சேஃப்டியை விடுவித்த கணத்தில்தான். சோதனை சுலபம்: காலி ரைபிளில் சேஃப்டியைப் போட்டுக் கைப்பிடியைத் தூக்குங்கள். எழவில்லை என்றால் பூட்டு உள்ள பழைய ரகம். அது மாடல் 700-ஆக இருந்து, ட்ரிகரும் வாக்கராக இருந்தால், ட்ரிகரை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

வாக்கரில் பழுது எதுவும் இல்லை என்றுதான் ரெமிங்டன் கடைசிவரை சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய கூட்டு வழக்கில் சமரசத்துக்கு வந்தது. அதன்படி இலவசமாக ட்ரிகர் மாற்றிக்கொள்ள மனு கொடுக்கும் கெடு 2020 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு பழைய நிறுவனம் திவாலாகிப் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. "கம்பெனிக்கு அனுப்பினா மாத்தித் தருவாங்க" என்று விற்பவர் சொன்னால் அதை விலையில் சேர்க்காதீர்கள்.

வாக்கருக்கு மாற்றாக 2006-இல் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோவில் கனெக்டர் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு ரீகால் உண்டு. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த மாடல் 700, மாடல் செவன் ரைபிள்களில், தொழிற்சாலையில் ஸ்க்ரூவுக்கு இட்ட பசை அளவுக்கு மீறி வழிந்து ட்ரிகரின் அசைவைத் தடுத்தது. பார்க்கும் விதம்: ட்ரிகரில் விரல் படும் முகத்தில் நெடுக்காக வரிகள் இருந்தால் அது எக்ஸ்-மார்க் ப்ரோ இல்லை, வாக்கராக இருக்கலாம். வழவழவென்று இருந்தால் எக்ஸ்-மார்க் ப்ரோ. அப்போது ட்ரிகருக்கு முன்னே உள்ள, போல்ட்டை உருவ அழுத்தும் போல்ட் ரிலீஸ் தகட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். குத்தூசியால் குத்தியது போன்ற ஒரு புள்ளி இருந்தால் திருத்தப்பட்ட ட்ரிகர். புள்ளி இல்லையென்றால் ரீகாலில் அடங்கியது, திருத்தப்படாமலே உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் அடங்காத வடிவமாகத் தெரிந்தால் யாரோ வெளிநிறுவன ட்ரிகரைப் பொருத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது.

அறிகுறி: போல்ட்டை மூடும்போதே சுடுகிறது, அல்லது மூடினால் பின் நிற்காமல் கூடவே இறங்குகிறது

காலி ரைபிளில் போல்ட்டை முன்னே தள்ளி வேகமாக அடித்து மூடுங்கள். இருபது முறை. ஒவ்வொரு முறையும் கைப்பிடி கனத்தால் பின் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை தவறினாலும் தவறியதுதான். ட்ரிகரை விரலால் பிடித்துக்கொண்டு மூடினால் பின் கூடவே இறங்குவது இயல்பு. விரலை முழுதாக எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

காரணங்களில் முதலிடம் கைவைத்தவர்களுக்குத்தான். வாக்கர் ட்ரிகர் வீட்டில், அதாவது ட்ரிகரின் பாகங்களை அடக்கிய உலோகக் கூட்டில், மூன்று சின்ன ஸ்க்ரூக்கள் உண்டு. முன்பக்கம் கீழே இருப்பது இழுவை எடை, மேலே இருப்பது சுட்ட பிறகு ட்ரிகர் எவ்வளவு தூரம் போகலாம் என்பது, பின்னால் தனியாக இருப்பது சியர் பிடிப்பின் அளவு. தொழிற்சாலையில் மூன்றின் மேலும் அரக்குப் பூசி விடுவார்கள். தோளில் வைக்கும் ஸ்டாக்கை (கட்டையை) கழற்றி இந்த மூன்றையும் பாருங்கள். அரக்கு உடையாமல், மங்கலான பளபளப்போடு பள்ளத்தை நிறைத்து நின்றால் நல்லது. பள்ளத்தின் ஓரம் வெள்ளையாகச் சுரண்டியிருந்தால், அல்லது மேலே நகச்சாயம் புதிதாக மினுக்கினால், யாரோ ட்ரிகரை 'இனிப்பாக்க' முயன்றிருக்கிறார்கள். இழுக்கும்போது சியர் ஊர்ந்து வருவது பிடிக்காமல் பின்பக்க ஸ்க்ரூவைத் திருகி, அரை மில்லிமீட்டரைப் பாதியாக்கியிருப்பார்கள். மேசை மேல் அது தாங்கும். போல்ட்டை அடித்து மூடும் அதிர்ச்சியைத் தாங்காது.

ஸ்டாக் கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். மர ஸ்டாக் ஈரத்தில் உப்பி, ட்ரிகர் கார்டின் பிளவிலோ சேஃப்டி நெம்பிலோ உரசியிருந்தால் மரத்தில் பளபளப்பான தேய்மானத் தடம் தெரியும். கழற்றி வைத்த ட்ரிகர் சரியாக வேலை செய்யும், ஸ்டாக்கில் பூட்டினால் திரும்பாது. சோதனை எல்லாவற்றையும் ஸ்டாக் பூட்டிய நிலையில் ஒருமுறை, கழற்றி ஒருமுறை என்று செய்வது இதனால்தான்.

மூன்றாவது, ஃபயரிங் பின்னே முன்னே சிக்கிக்கொள்வது. போல்ட்டை உருவி, பின் இழுபட்ட நிலையில் போல்ட் முகத்தைப் பாருங்கள். நடு ஓட்டையில் பின்னின் நுனி எட்டிப் பார்க்கக் கூடாது. துருவோ, உடைந்த ஸ்பிரிங் துண்டோ, முறிந்த பின்னோ அதை வெளியே நிறுத்தியிருந்தால், தோட்டாவை உள்ளே தள்ளும்போதே அதன் அடியில் உள்ள பிரைமர் (தீப்பற்றவைக்கும் மூடி) அதில் மோதும். போல்ட் இன்னும் பூட்டாத நிலையில் வெடித்தால் வாயுவும் பித்தளைச் சில்லும் முகத்துக்கு வரும்.

நான்காவது, குளிர். எண்ணெயும் கிரீஸும் மைனஸ் 20 டிகிரியில் தேன் போலக் கெட்டியாகும். ட்ரிகர் வீட்டுக்குள் டபிள்யூடி-40 அடித்து வைத்திருந்தவர்களின் ரைபிளில் வருடக்கணக்கில் அது காய்ந்து மஞ்சள் வார்னிஷாகப் படிந்திருக்கும். கோடையில் வாங்கியபோது தேறிய ரைபிள் நவம்பர் மான் வேட்டையில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். விற்பவர் அனுமதித்தால் ஒரு இரவு வெளியே குளிரில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் சோதியுங்கள். பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

அறிகுறி: போல்ட்டைத் திறக்கத் தூக்கும்போது சுடுகிறது

அரிது. ஆனால் வாக்கர் ட்ரிகர் பற்றிய புகார்களில் இதுவும் தனி வகையாகவே பதிவானது. காரணம் மேலே சொன்னதுதான்: நுனியில் தொற்றிக்கொண்டிருக்கும் பிடிப்பு, கைப்பிடியின் அசைவில் நழுவுகிறது. சோதனையின்போது கைப்பிடியை மெதுவாக, வேகமாக, பக்கவாட்டில் அழுத்தியபடி என்று மாற்றி மாற்றித் தூக்குங்கள்.

அறிகுறி: தட்டினால், இடித்தால் பின் விழுகிறது

காலி ரைபிள், போல்ட் மூடி, சேஃப்டி விடுவித்த நிலை. ஸ்டாக்கின் அடியைக் கனமான ரப்பர் விரிப்பின் மேல் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நேராக இறக்குங்கள். ரப்பர் சுத்தியால் ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடலின்) மேலும் இரு பக்கமும் தட்டுங்கள். சேஃப்டி போட்ட நிலையிலும் இதையே செய்து, முடிவில் சேஃப்டியை விடுவித்துப் பாருங்கள்.

பிறகு எடை. கேஜை ட்ரிகரின் நடுவில் மாட்டி ஐந்து முறை இழுங்கள். வேட்டை ரைபிளுக்கு மூன்று முதல் ஐந்து பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 முதல் 2.3 கிலோ, நியாயமான எடை. மூன்றுக்குக் கீழே போனால் அது மேசையில் வைத்து இலக்கைச் சுடுபவரின் அமைப்பு. கையுறை போட்டுக்கொண்டு மரமேறும் ஆளுக்கு ஆகாது. எடையைவிட முக்கியம் ஐந்து அளவுகளும் ஒத்துப்போவது. ஒருமுறை 3.5, அடுத்தது 2.5, அதற்கடுத்தது 4 என்று தாவினால் உள்ளே ஏதோ ஒட்டுகிறது.

ஒரு தவறான எச்சரிக்கையையும் சொல்லிவிடலாம். சாவேஜ் ரைபிள்களில் 2002-க்குப் பிறகு வந்த அக்யூட்ரிகரில், ட்ரிகரின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தாமல் சியர் நழுவினால் அந்த நாக்கு சியரைப் பாதியிலேயே மறித்துவிடும். கிளிக் கேட்கும், ட்ரிகர் செத்தது போல் ஆகிவிடும், ஆனால் பின் பாயாது. கைப்பிடியைத் தூக்கி இறக்கினால் மறுபடி தயார். ஓரமாக விரலை வைத்து இழுத்தால் இப்படி ஆவது இயல்பு. விரலே படாமல், தட்டியதற்கு இப்படி ஆனால் சியர் நழுவியது உண்மைதான், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) காட்ட வேண்டும்.

அறிகுறி: சேஃப்டி போட்டும் ட்ரிகர் வேலை செய்கிறது

ராணுவ மவுசர் 98-ஐ வேட்டைக்கு மாற்றியமைத்தவற்றில் அதிகம் பார்க்கலாம். அதன் கொடி சேஃப்டி பின்னால் உள்ள காக்கிங் பீஸைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சியர் மேலிருந்து பாரத்தை எடுத்துவிட வேண்டும். கொடியைத் திருப்பும்போது காக்கிங் பீஸின் மேல் கண்ணை வைத்திருங்கள். மயிரிழை பின்னே நகர்வது தெரிய வேண்டும். நகரவில்லை என்றால், டிம்னி போன்ற வெளிநிறுவன ட்ரிகரைப் போட்டவர் அதற்கேற்பச் சேஃப்டியை அரத்தால் ராவிப் பொருத்தாமல் விட்டுவிட்டார். ட்ரிகர் நல்ல ட்ரிகர்தான், பொருத்தியதில்தான் கோளாறு. கொடி போட்ட நிலையில் ட்ரிகரை இழுத்து விட்டு, கொடியை விடுவியுங்கள். சியர் காக்கிங் பீஸை மறுபடி பிடிக்க வேண்டும்.

அறிகுறி: சுத்தியல் வைத்த லீவர் ரைபிளில், சுத்தியலை இறக்கும்போது நழுவிச் சுடுகிறது

வின்செஸ்டர் 94, மார்லின் 336. பழையவற்றில் தனி சேஃப்டி கிடையாது, சுத்தியலின் அரை இழுவைப் பள்ளம்தான் சேஃப்டி. குறுக்கு பட்டன் சேஃப்டி மார்லினில் 1980-களிலும் வின்செஸ்டரில் 1992-லும்தான் வந்தது. காலி ரைபிளில் சுத்தியலை அரை இழுவையில் நிறுத்தி ட்ரிகரை அழுத்தமாக இழுங்கள். விழக் கூடாது. கட்டைவிரலால் சுத்தியலை முன்னே அழுத்துங்கள், அப்போதும் விழக் கூடாது. விழுந்தால் பள்ளத்தின் உதடு உடைந்திருக்கிறது; பெரும்பாலும் அரை இழுவையில் இருந்த ரைபிள் கீழே விழுந்து உடைந்ததாகத்தான் இருக்கும். உதடு நன்றாக இருந்தாலும், ஈரக் கையுறையோடு, உயிர்த்தோட்டா மேல் சுத்தியலை இறக்குவது இந்த ரகத்தின் நிரந்தர ஆபத்து. போகிற போக்கில் இன்னொன்று: இவற்றின் குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன் தோட்டாவின் பிரைமரில் முட்டி நிற்கும். கூர்மூக்கு உலோகத் தோட்டாக்களைப் போடாதீர்கள்.

அறிகுறி: ஒருமுறை இழுத்தால் இரண்டு மூன்று வெடிக்கிறது

இது அரைத் தானியங்கி ரகங்களின், அதாவது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகங்களின், நோய். ஒரு காலத்தில் வேட்டைக்கு விலை மலிவாகக் கிடைத்த எஸ்கேஎஸ் என்ற பழைய ராணுவ ரைபிள் நல்ல உதாரணம். அதன் ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுக்கப் பொதுவாக ஸ்பிரிங் கிடையாது, ஓட்டைக்குள் தன்னிச்சையாக ஆடும். ராணுவக் கிடங்கில் பூசிய காஸ்மோலின் கிரீஸ் பல ஆண்டுகளில் இறுகி, பின்னை முன்னுக்கே ஒட்டவைத்துவிடும். போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். கலகலவென்று பின் ஆடும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் பின்னைத் தட்டிக் கழற்றி, ஓட்டையைக் கரைப்பானால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இல்லாமலே பூட்டுங்கள். எம்1 கேரண்ட் என்ற இன்னொரு ராணுவ ரைபிளில் காரணம் வேறாகவும் இருக்கலாம்: வீட்டில் நிரப்பிய தோட்டாக்களில் பிரைமர் விளிம்புக்கு மேலே துருத்தியிருக்கும். விரலால் தடவினால் பிரைமர் சற்று உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். விற்பவர் இலவசமாகத் தரும் வீட்டுத் தோட்டாக்களை வாங்காமல் வருவது புத்திசாலித்தனம்.

அறிகுறி: இழுத்தால் கிளிக், சற்று நேரம் கழித்து வெடிக்கிறது

ட்ரிகரில் பழுது இல்லை. கெட்ட பிரைமர், அல்லது கெட்டி கிரீஸால் மெதுவாகப் பாயும் பின். குழல் முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுங்கள், பிறகுதான் போல்ட்டைத் தொடலாம். போல்ட்டின் உட்பகுதியைக் கழுவியும் மறுபடி வந்தால் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

வாங்கிய பிறகு

முதல் வேலை ட்ரிகர் வீட்டைக் கழுவுவது. போல்ட்டை எடுத்து, ஸ்டாக்கைக் கழற்றி, சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தாவை மேலிருந்து தாராளமாகப் பாய்ச்சுங்கள். நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சேஃப்டியையும் ட்ரிகரையும் அசைத்தபடியே, கீழே சொட்டுவது மஞ்சளிலிருந்து தெளிவாக மாறும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். நன்றாக உலரட்டும். எண்ணெய் விட வேண்டாம். ஸ்க்ரூக்களைத் தொட வேண்டாம். சியர் விளிம்பை உப்புத்தாளால் மெருகேற்றவே வேண்டாம். கடினப்படுத்திய மேற்பரப்பு போனால் சில நூறு சுடுதலில் தேய்ந்துவிடும். குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பான் பின்னே வழிந்துதான் ட்ரிகருக்குள் பிசின் சேர்கிறது. சேம்பரில் ராட் கைடு (சுத்தக் கம்பியை நேராக நடத்தும் குழாய்) வைத்துச் சுத்தம் செய்யுங்கள், முடித்ததும் ஓரிரவு குழல் முனை கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள்.

வாக்கர் என்றால் கழுவுவதோடு நிறுத்த வேண்டாம். கழுவினால் அன்றைய தூசி போகும், கனெக்டர் அங்கேயே இருக்கும். கனெக்டர் இல்லாத வெளிநிறுவன ட்ரிகர் 150 டாலர் அளவில் கிடைக்கிறது. கன்ஸ்மித்தின் கூலி தனி. இந்தத் தொகையைப் பேரத்திலேயே கழிக்கச் சொல்லலாம். பழுது தெரிந்த ட்ரிகரைச் சரிசெய்து தருகிறேன் என்பவரைவிட மாற்றிவிடச் சொல்பவரை நம்புங்கள்.

புது ட்ரிகர் வந்த பிறகு மேலே சொன்ன சோதனைகள் அனைத்தும் மறுபடி, ஸ்டாக் பூட்டிய நிலையில். அதற்குப் பிறகுதான் சுடும் மைதானம். மேகசின் காலியாகவே இருக்கட்டும். ஒரே ஒரு தோட்டாவைச் சேம்பரில் இட்டு, குழலை மண்மேட்டுக்கு நேராக வைத்து, போல்ட்டை மூடுங்கள். சேஃப்டியைப் போடுங்கள், விடுவியுங்கள், அப்புறம் சுடுங்கள். இப்படி ஒவ்வொன்றாக இருபது தோட்டா. இருபத்தொன்றாவதிலிருந்து மேகசினை நிரப்பலாம்.